இரண்டு மலை, நடுவில் சூரியன்: வடசென்னைப் பிள்ளைகளோடு படம் வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்து, "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொல்லிப் பாருங்கள். தண்டையார்பேட்டையானாலும் எர்ணாவூரானாலும் பாதிப் பிள்ளைகள் இரண்டு முக்கோண மலைகளைத்தான் போடுவார்கள். நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து ஓடும் ஆறு, ஓரத்தில் ஓட்டு வீடு, ஒரு தென்னை மரம், வானத்தில் நான்கைந்து காக்கைகள். வடசென்னையில் மலை ஏது? இங்கே சூரியன் கடலிலிருந்து எழும். அந்த ஓட்டு வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அக்கா வரைந்ததைத் தம்பி பார்த்து வரைந்தான், அவனைப் பார்த்துப் பக்கத்து பெஞ்சுக்காரன் வரைந்தான். அப்படியே அந்த மலை தலைமுறை தாண்டி வந்துகொண்டிருக்கிறது.

இந்த வழிகாட்டியில் இருக்கும் வேலைகள் எல்லாவற்றிலும் பார்ப்பது முதலில், வரைவது பிறகு. பார்க்க இங்கே பஞ்சமே இல்லை. காசிமேட்டில் படகுகள், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள், பெரம்பூரில் ரயில் பெட்டிகள், வியாசர்பாடியில் கால்பந்து, வாசலுக்கு வாசல் கோலம். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வலர்கள், லீவு விட்டதும் பிள்ளைகளை என்ன செய்வது என்று தெரியாத பெற்றோர், இவர்களை நினைத்து எழுதியது.

ஆரம்பிக்கும் முன் ஒரு கட்டுப்பாடு. கரும்பலகையில் மாதிரிப் படம் போடாதீர்கள். நீங்கள் ஒரு மீனைப் போட்டுக் காட்டினால், வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் உங்கள் மீனே நாற்பது தாளில் நீந்தும். செய்முறையைக் காட்டலாம்: பிரஷ்ஷை எங்கே பிடிப்பது, தண்ணீர் எவ்வளவு தொடுவது என்று. அதைத் தனித் தாளில் செய்து காட்டிவிட்டு, தாளை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

தாளுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போங்கள். காகிதக் கடைகள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. மொத்தமாக வாங்கினால் பள்ளிக்குப் பக்கத்துக் கடையை விட விலை இறங்கும். ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் கனம் இருக்கும். பென்சிலுக்கும் கிரேயானுக்கும் போதும். தண்ணீர் பட்டால் அப்பளமாகச் சுருளும். போஸ்டர் கலர் வேலைக்கு 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் கேளுங்கள். 56 × 71 செ.மீ. சார்ட் ஒன்றை நான்காக வெட்டினால் நான்கு பிள்ளைகளுக்குத் தாராளமான அளவு கிடைக்கும். சின்னத் தாள் கொடுத்தால் சின்னப் படம்தான் வரும். கை முட்டியிலிருந்து அசைய வேண்டும் என்றால் தாளில் இடம் இருக்க வேண்டும்.

கலரில் பன்னிரண்டு டப்பி கொண்ட பெட்டிகளைத் தொடாதீர்கள். அதே காசுக்குப் பெரிய போஸ்டர் கலர் பாட்டில்களாக லெமன் மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, வெர்மிலியன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை வாங்குங்கள். கறுப்பு ஒன்று வாங்கி உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மேஜைக்கு வந்தால் பத்து நிமிஷத்தில் எல்லாப் படமும் புகை பிடித்துவிடும்.

பென்சிலில் 2பி, 4பி. வீட்டுப்பாடம் எழுதும் எச்பி பென்சில் கெட்டி, அழுத்தித் தாளைக் கிழிக்கும். ரப்பரை முதல் பதினைந்து நிமிஷம் எடுக்க விடாதீர்கள். ரவுண்டு பிரஷ்ஷில் 4, 8 எண்கள். அகலமான வேலைக்கு ஹார்டுவேர் கடையில் பெயின்ட் அடிக்க விற்கும் ஒரு அங்குல பிரஷ்ஷே போதும். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கும்: கலர் குழைக்க முட்டை வைக்கும் பிளாஸ்டிக் டிரே, தண்ணீருக்குத் தயிர் டப்பா, துடைக்கக் கிழிந்த சட்டை, தரைக்குப் பழைய தினசரி. லாரித் தண்ணீர் வரும் தெருக்களில் குழாயை நம்பாதீர்கள். ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு வாளி கழுவிய தண்ணீர் என்று பிரித்து வைத்தால் ஒரு வகுப்பு ஓடும்.

வயதைப் பற்றி

ஆறு, ஏழு வயதுப் பிள்ளை தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு, அதன் மேல் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தும். அம்மா வீட்டை விட உயரமாக இருப்பார். அது தப்பில்லை, திருத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு முக்கியமானது பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்பது, பத்து வயதில் நிலைமை மாறும். படம் நிஜம் மாதிரி இல்லையே என்று அதற்கே தோன்ற ஆரம்பிக்கும். "எனக்கு டிராயிங் வராது சார்" என்ற பேச்சு நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பில்தான் முளைக்கும். அந்த நேரத்தில் பாராட்டு எடுபடாது. பார்த்து வரைய நாலு உபாயம் சொல்லிக் கொடுத்தால்தான் எடுபடும். படகும் கண்டெய்னரும் கீழே வருவது அதனால்தான்.

1. கோலம் (1, 2 வகுப்பு)

வகுப்பில் நல்ல கோலக்காரர்கள் ஏற்கெனவே இருப்பார்கள். அவர்களை முன்னால் விடுங்கள். பையன்களையும் உட்கார வையுங்கள். "அது பொண்ணுங்க வேலை" என்று ஒருத்தன் சொல்வான். புள்ளி வைக்கச் சொன்னால் அவனுக்குத்தான் வரிசை கோணும்.

முதலில் தரையில் சாக்பீஸால். 5 புள்ளி, இடைப்புள்ளி 3 வரை: அதாவது 3, 4, 5, 4, 3 என்று ஐந்து வரிசை, மொத்தம் 19 புள்ளி. புள்ளி வைப்பதே பாதிப் பாடம். கண்ணால் இடைவெளியை அளந்து கையால் நிறுத்துவது பின்னால் எந்தப் படத்துக்கும் உதவும். பிறகு சிக்குக் கோலம்: கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் சுற்றி வந்து, கிளம்பிய இடத்திலேயே முடிய வேண்டும். தரையில் கை பழகிய பிறகு தாளுக்கு வாருங்கள். கறுப்புச் சார்ட்டில் வெள்ளை கிரேயான் கொடுத்தால் வாசலில் போட்ட மாதிரியே எடுப்பாக இருக்கும்.

2. மெழுகு மழை (1 முதல் 3 வகுப்பு)

இது ஒரு பீரியடில் முடியும். வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தி, தாளில் மழைக் கோடுகளும் தண்ணீர் தேங்கிய வட்டங்களும் போட வேண்டும். வெள்ளை மேல் வெள்ளை என்பதால் எதுவும் தெரியாது. பிறகு நீலத்தில் துளி வெர்மிலியன் கலந்து, நிறையத் தண்ணீர் விட்டு, அகல பிரஷ்ஷால் மேலே இழுத்தால் மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாகத் தங்கும். எண்ணெய்த் தன்மையுள்ள மெழுகு தண்ணீரை ஒட்ட விடாது. ஏன் இப்படி ஆனது என்று பிள்ளைகளையே கேளுங்கள். வீட்டில் குழம்பு மேல் மிதக்கும் எண்ணெயைச் சொல்லும் பிள்ளை ஒன்று எங்கேயும் இருக்கும்.

கலர் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும். பால் பதத்தை விட நீர்த்திருக்கட்டும்.

3. கடலின் நிறம் என்ன? (3 முதல் 5 வகுப்பு)

"நீலம்" என்று வகுப்பே கத்தும். திருவொற்றியூர்க் கடற்கரையில் காலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கரைப் பக்கம் பழுப்பு, அடுத்து சாம்பல் பச்சை, தூரத்தில்தான் நீலம் என்று சொல்லத் தகுந்த ஒன்று. அந்த மூன்று பட்டைகளையும் கறுப்பு இல்லாமல் குழைத்தெடுப்பதுதான் வேலை.

லெமன் மஞ்சளும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் அடங்கிய பச்சை வரும். அதில் துளி சிவப்பு விட்டால் சாம்பலுக்குப் போகும். சிவப்பை இன்னும் கூட்டினால் பழுப்பு. மூன்று அடிப்படைக் கலரும் சேரும்போது ஒன்றின் பளிச்சை மற்றொன்று அடக்கிவிடும். பிள்ளைகளின் தட்டில் எப்போதும் சேறு பிறப்பதன் காரணம் அதுவே. தெரியாமல் பிறக்கும் அந்தச் சேற்றைத் தெரிந்தே பிறக்க வைத்துவிட்டால் பாடம் முடிந்தது.

இரண்டு சிவப்பு எதற்கு என்றால், ஊதா. வெர்மிலியனில் மஞ்சள் சாயல் இருக்கிறது. நீலத்தோடு சேர்த்தால் ஊதா வராது, செங்கல் தூள் நிறம் வரும். கிரிம்சனோடு சேர்த்தால்தான் ஊதா. "ஊதா வரவே மாட்டேங்குது மிஸ்" என்று அழும் பிள்ளையின் டப்பியைப் பாருங்கள், ஆரஞ்சுச் சாயல் சிவப்பாகத்தான் இருக்கும்.

எட்டுக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கலவை, கீழே எந்தக் கலர் எத்தனை துளி என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். வெள்ளையில் மற்ற கலரைத் துளித் துளியாக விடவேண்டும். அடர்ந்த கலரில் வெள்ளையை ஊற்றிக்கொண்டே போனால் ஒரு பாட்டில் காலி.

4. மீன் அச்சு (3 முதல் 8 வகுப்பு)

மூன்று முதல் எட்டு வரை எல்லா வகுப்புக்கும் பொருந்துவதும், பிள்ளைகள் வருஷம் கழித்தும் பேசுவதும் இதுதான். 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய மீனவர்கள் தாங்கள் பிடித்த மீனின் அளவைப் பதிந்து வைக்க, மீன் மேலேயே மை தடவித் தாளில் ஒற்றி எடுத்தார்கள். கியோடாகு என்று பெயர். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடலாமா?

எந்த மீன்? தட்டையானது. காரப்பொடி மலிவு, உள்ளங்கை அளவு, ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம். செதில் எடுப்பாக விழ சங்கரா. நாக்கு மீனும் நல்லது. வவ்வால் அழகுதான், ஆனால் அந்த விலைக்குக் கலர் தடவ மனசு வராது. "அக்கா, வெட்ட வேணாம், செதில் எடுக்க வேணாம், அப்படியே குடுங்க" என்று கேளுங்கள். "இன்னாத்துக்கு?" என்பார்கள். ஸ்கூல் பிள்ளைகளுக்கு என்று சொன்னால் துடுப்பு கிழியாததாகப் பொறுக்கியும் கொடுப்பார்கள்.

காலமும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, மீன் விலை ஏறிவிடும். பள்ளி திறந்து, ஜூலை வாக்கில் வைத்துக்கொண்டால் நல்லது.

முதல் படி, கழுவுவது. மீன் மேல் இருக்கும் கொழகொழப்பு போகாமல் கலர் ஒட்டாது. கல்லுப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டு மெதுவாகத் தேய்த்து, இரண்டு தண்ணீரில் அலசுங்கள். தலையிலிருந்து வால் பக்கம் தேய்த்தால் செதில் உதிராது.

இரண்டாவது, உலர்த்துவது. பழைய துணியால் ஒற்றி எடுத்து, செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் அடிவயிற்றுத் துளையிலும் சிறிது பஞ்சு வையுங்கள். அழுத்தும்போது உள்ளிருந்து தண்ணீர் கசிந்தால் படம் கெடும்.

மூன்றாவது, துடுப்பை விரிப்பது. மீனைத் தினசரி மேல் படுக்க வைத்து, துடுப்புக்கும் வாலுக்கும் அடியில் களிமண் உருண்டை வைத்து உயர்த்துங்கள். விரித்த துடுப்பு மடங்கினால் குண்டூசி குத்தலாம், அச்செடுக்கும் முன் எடுத்துவிட வேண்டும். சங்கராவின் முதுகு முள் குத்தும். அதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

நான்காவது, கலர் தடவுவது. போஸ்டர் கலரில் தண்ணீர் மிகக் குறைவாக. முதலில் தலையிலிருந்து வாலுக்கு ஒரு தடவை, பிறகு வாலிலிருந்து தலைக்கு எதிர்த்திசையில் ஒரு தடவை. இரண்டாவது தடவலில்தான் ஒவ்வொரு செதிலின் விளிம்பிலும் கலர் ஏறும். கண்ணில் தடவ வேண்டாம்.

ஐந்தாவது, ஒற்றுவது. மெல்லிய தாள் வேண்டும். காத்தாடி செய்யும் தாள் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். மீன் மேல் தாளைப் போட்டபின் நகர்த்தக் கூடாது. நடு வயிற்றில் ஆரம்பித்து விரல் நுனியால் ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே போக வேண்டும்: செவுள் மூடி, துடுப்பின் ஒவ்வொரு முள், வால் பிளவு. கண் தெரியாமல் விரலால் மட்டும் பார்க்கும் வேலை இது. அவசரக்காரப் பிள்ளைகள்கூட இந்த இடத்தில் மூச்சுக் காட்டாது.

ஆறாவது, தலைப் பக்கத்திலிருந்து மெதுவாக உரிப்பது. முதல் அச்சு அப்பியிருக்கும். மறுபடி கலர் தடவாமலே இரண்டாவது எடுங்கள். பல நேரம் அதுதான் நன்றாக வரும். காய்ந்த பிறகு கண்ணை மட்டும் மீனைப் பார்த்துப் பிரஷ்ஷால் போட வேண்டும்.

சில எச்சரிக்கைகள். மீன் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை. மீன் ஐஸிலேயே இருக்கட்டும், தேவைப்படும்போது எடுத்தால் போதும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். போஸ்டர் கலர் தடவிய மீனைச் சமைக்கவும் கூடாது, பூனைக்குப் போடவும் கூடாது. குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். பள்ளியில் மீன் கொண்டுவர முடியாதென்றால் பூவரச இலையில் இதே முறையைச் செய்யலாம். நரம்பு எழும்பியிருக்கும் அடிப்பக்கத்தில் கலர் தடவ வேண்டும்.

பெரிய வகுப்புக்கு ஒரு கூடுதல் வேலை: கணவாயின் மைப் பையைத் தண்ணீரில் கரைத்து அதையே மையாகப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லலாம். ஐரோப்பிய ஓவியர்கள் பயன்படுத்திய செபியா என்ற பழுப்பு மை கணவாய் மையிலிருந்து எடுத்ததுதான். நாற்றத்துக்குத் தயாராக இருங்கள்.

5. வெண்டைக்காய் அச்சு, துணியில் (2 முதல் 5 வகுப்பு)

வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால். இன்றும் எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள்தான். தையல் கடையில் வெள்ளைக் காட்டன் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள், கஞ்சி போக ஒரு முறை துவைத்துக் காய வையுங்கள். குறுக்கே வெட்டிய வெண்டைக்காய் ஐந்து இதழ்ப் பூ. வாழைத்தண்டு வட்டத்துக்குள் வட்டம். வெட்டிய முகத்தைப் பத்து நிமிஷம் காய விட்டு, துணிக் கலர் நனைத்த ஸ்பாஞ்சில் ஒற்றிப் பிறகு துணியில் ஒற்றவேண்டும். காயை நேரே கலரில் முக்கினால் விதைக் குழியெல்லாம் அடைபட்டு வெறும் பொட்டு மட்டும் விழும். கலர் நன்றாகக் காய்ந்ததும், பின்பக்கமிருந்து இஸ்திரி போட்டால் துவைத்தாலும் நிற்கும்.

6. படகு (4 முதல் 6 வகுப்பு)

தடைக்காலம் மீனுக்கு ஆகாது என்றேன். படகு வரைய அதை விட்டால் வேறு காலம் கிடையாது. விசைப்படகுகள் நாள்கணக்கில் நிற்கும், பழுது பார்ப்பார்கள், புதுப் பெயின்ட் அடிப்பார்கள், பெயர் எழுதுவார்கள். பள்ளி லீவும் அப்போதே. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டு, ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் போங்கள். ஞாயிறு காலை வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது. போக முடியாவிட்டால் நீங்கள் போய்ப் படம் எடுத்து வந்து காட்டுங்கள். பக்கவாட்டில் ஒன்று, முன்மூக்கிலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று.

படகு ஏன் கஷ்டம்? அதில் நேர்க்கோடே கிடையாது. பிள்ளைகள் வாழைப்பழத்தைப் போட்டுவிட்டு மேலே ஒரு கொடி நட்டுவிடும். அதற்கு ஒரு வழி: படுக்க வைத்த 8.

தாளில் நீளமாக ஒரு 8 எண்ணைப் படுக்கையாகப் போடச் சொல்லுங்கள், ஒரு வயிறு பெரிது, ஒன்று சின்னது. பெரிய வயிறு படகின் நடுப்பகுதி, சின்னது முன்மூக்கு. சின்ன வயிற்றின் முனையிலிருந்து கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரு கோடு. அதுதான் தண்ணீரைக் கிழிக்கும் முன்விளிம்பு. பெரிய வயிற்றின் பின்முனையிலிருந்து ஒரு குட்டைக் கோடு. இரண்டின் அடியையும் லேசான வளைவால் சேர்த்தால் உடல் கிடைத்துவிடும். இப்போது 8-இன் குறுக்கே போகும், தேவையில்லாத கோடுகளை ரப்பரால் எடுக்கலாம். இன்று ரப்பருக்குக் கிடைக்கும் முதல் வேலை இதுதான்.

இதற்குப் பிறகு உபாயம் முடிந்தது, பார்ப்பது ஆரம்பம். ஒரே ஒரு சாமானைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் முழுசாக வரையச் சொல்லுங்கள். கயிறு கட்டும் கட்டை, ஓரத்தில் தொங்கும் பழைய டயர், சுருட்டி வைத்த வலை. "இந்தக் கயிறு எங்கிருந்து கிளம்பி எங்கே முடியுது?" என்று கேட்டால் பிள்ளை மறுபடி நிமிர்ந்து படகைப் பார்க்கும். "சூப்பரா இருக்கு" என்று சொன்னால் பென்சிலைக் கீழே வைத்துவிடும். கடைசியில் படகுக்கு ஒரு பெயர் வைத்து முன்மூக்கில் எழுத வேண்டும். வளைவோடு எழுத்தும் வளைந்து ஏறவேண்டும் என்பதைப் படகுகளில் இருக்கும் பெயர்களைக் காட்டிச் சொல்லுங்கள்.

7. குத்து, உதை, ஸ்ட்ரைக் (5 முதல் 8 வகுப்பு)

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் மூன்றும் வீட்டு விளையாட்டு. ஒரு பிள்ளை மேஜை மேல் ஏறி நிற்கட்டும். குத்துச்சண்டை நிலை, பந்தை உதைக்கும் நிலை, கேரம் போர்டில் குனிந்து ஸ்ட்ரைக்கர் சுண்டும் நிலை. ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி. அதற்குள் வரைய வேண்டும்.

தலையிலிருந்து ஊன்றிய பாதம் வரை ஒரே ஒரு வளைகோடு முதலில். அடுத்து தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு. உடல் எடை ஒரு காலில் இருக்கும்போது இந்த இரண்டு கோடுகளும் எதிரெதிராகச் சாயும்; தோள் ஒரு பக்கம் இறங்கினால் இடுப்பு அந்தப் பக்கம் ஏறும். எழுந்து நின்று அவர்களையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகுதான் கை கால். முகம், பட்டன், ஷூ லேஸ் எதுவும் வேண்டாம். நேரம் குறைவு என்பதால் "எனக்கு வராது" என்று சொல்லவும் நேரம் இருக்காது.

அளவுக்கு: பெரியவர் உயரம் சுமார் ஏழரைத் தலை, பத்து வயதுப் பிள்ளை ஆறு தலை சொச்சம். முகத்துக்குப் போகும்போது ஒன்று சொல்லிக் கொடுங்கள். எல்லாப் பிள்ளைகளும் கண்ணை நெற்றியில் வைக்கும். பென்சிலை நீட்டிப் பிடித்து, பக்கத்துப் பிள்ளையின் உச்சந்தலை முதல் கண் வரையும், கண் முதல் தாடை வரையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமம். கண் தலையின் நடுவில் இருக்கிறது என்பதை யாரும் நம்ப மாட்டார்கள், அளந்த பிறகும் இரண்டு பேர் மறுபடி அளப்பார்கள்.

8. கண்டெய்னர் (6 முதல் 8 வகுப்பு)

தூரம் போகப் போகப் பொருள் சிறுத்துத் தெரிவதைத் தாளில் கொண்டுவர, பாடப்புத்தகங்கள் மரவரிசையும் ரயில் பாதையும் காட்டும். இங்கே அதைவிட நல்லது லாரி மேல் போகிறது. 20 அடிக் கண்டெய்னரின் முகம் 8 அடி அகலம், எட்டரை அடி உயரம். கிட்டத்தட்ட சதுரம். அப்பா டிரெய்லர் ஓட்டுகிற பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்த அளவை அதனிடமே கேளுங்கள்.

தாளைப் படுக்கையாக வையுங்கள். நடுவுக்குச் சற்று மேலே ஸ்கேலால் லேசாக ஒரு கோடு: அது நம் கண்மட்டம். அந்தக் கோட்டின் வலது பக்கம் ஒரு புள்ளி: எல்லாம் போய் மறையும் புள்ளி.

கோட்டுக்குக் கீழே, இடது பக்கம் 4 செ.மீ. அகலம், 4.25 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டம். அதன் மேல்மூலை இரண்டையும், வலது கீழ்மூலையையும் மறையும் புள்ளியோடு லேசான கோடுகளால் சேர்க்கவும். பெட்டி எவ்வளவு நீளம் என்று முடிவு செய்து, அங்கே ஒரு செங்குத்துக் கோடு, அதன் மேல் முனையிலிருந்து ஒரு படுக்கைக் கோடு. முன் முகத்தின் விளிம்புகளுக்கு இவை இணையாக இருக்க வேண்டும். பெட்டி எழுந்து நிற்கும். இந்த இடத்தில் ஒரு "ஹே!" கேட்கும்.

இனி அதன் மேல் இன்னொன்று அடுக்கச் சொல்லுங்கள். அது கண்மட்டக் கோட்டைத் தாண்டி நின்றால் அதன் மேல்பக்கமும் தெரியாது, அடிப்பக்கமும் தெரியாது. முழுக்கக் கோட்டுக்கு மேலே கிரேனில் தொங்கும் பெட்டி என்றால் அடிப்பக்கம் மட்டும் தெரியும். இந்த மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவந்த பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது, பரீட்சை வைக்க வேண்டாம்.

பக்கத் தகட்டில் ஓடும் மடிப்புகளைப் போடும்போது எல்லோரும் தடுக்குவார்கள். சம இடைவெளியில் போட்டுவிடுவார்கள். தூரம் போகப் போக இடைவெளி நெருங்க வேண்டும். பக்கத்தில் எழுதியிருக்கும் எழுத்துகளும் அப்படியே, உயரமும் அகலமும் சேர்ந்து குறுகும். கலருக்கு ஒரே நிறத்தில் மூன்று அடர்த்தி போதும்: மேல்பக்கம் வெளிர், முன்பக்கம் நடுத்தரம், பக்கவாட்டு அடர்வு. அடர்வாக்கக் கறுப்பு வேண்டாம். சிவப்புப் பெட்டிக்கு நீலம், நீலப் பெட்டிக்குக் கிரிம்சன் சேர்த்தால் நிழலுக்கு உயிர் இருக்கும்.

இது கைவந்த பிள்ளைகளை ராயபுரம் ரயில் நிலையத்துக்கோ, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கோ கூட்டிப் போகலாம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்துதான். அதன் வரிசைத் தூண்களைச் சாய்வாக நின்று பார்த்தால் கண்டெய்னர் மடிப்புக் கணக்கேதான். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா மாதிரிப் போட்டிகளுக்கும் இந்தப் பயிற்சி கைகொடுக்கும். வீட்டில் ஒரே படத்தை மனப்பாடம் செய்துகொண்டு வரும் பிள்ளை, தலைப்பு மாறினால் திகைத்து உட்கார்ந்துவிடும்.

9. பள்ளிச் சுவர் (7, 8 வகுப்பு, குழுவாக)

முதலில் சுவரைத் தடவிப் பாருங்கள். கடல்காற்றுப் படும் சுவரில் உப்புப் பூத்து மாவு மாதிரி உதிரும். அதன் மேல் எதை அடித்தாலும் அடுத்த மழைக்குள் உரியும். இரும்பு பிரஷ்ஷால் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர் ஒரு கோட். சுரண்டுவதும் பிரைமர் அடிப்பதும் பெரியவர்கள் வேலை, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு. அடியிலிருந்து ஈரம் ஏறும் சுவர் என்றால் விட்டுவிட்டு வேறு சுவர் பாருங்கள்.

என்ன வரைவது என்பதற்குப் பிள்ளைகளின் பழைய தாள்களையே தரையில் பரப்பி, மீன் அச்சிலிருந்து ஒன்று, படகிலிருந்து ஒன்று என்று அவர்களே பொறுக்கட்டும். பொறுக்கியவற்றை 12 × 6 அங்குலத் தாளில் ஒரே படமாக்கி, ஓர் அங்குலக் கட்டங்கள் போட வேண்டும். மொத்தம் 72 கட்டம். சுவரில் 12 × 6 அடிக்கு அதே மாதிரி ஓரடிக் கட்டம்: நூலைச் சாக்பீஸ் தூளில் புரட்டி இரு முனையும் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு நேராக விழும். ஆளுக்கு மூன்று, நான்கு கட்டம். தன் கட்டத்தில் எந்தக் கோடு எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்துப் போட்டால் போதும்; பக்கத்துக் கட்டக்காரனோடு கோடு சேரவில்லை என்றால் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

பெயின்ட்டுக்குத் தனித்தனி கலர் டின் வாங்க வேண்டாம். வெளிச்சுவருக்கான வெள்ளை எமல்ஷன் ஒன்றும், பெயின்ட் கடையில் சின்னக் குப்பியில் கிடைக்கும், வெள்ளையில் கலந்து நிறம் ஏற்றும் ஸ்டெயினர்களும் போதும். மூன்றாவது வேலையில் கற்ற கலவை இங்கே உதவும். தேவையான அளவை ஒரே தடவையில் கலந்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், மறுநாள் அதே நிறம் மறுபடி வராது. ஏணி கூடாது, பிள்ளைகளின் கைக்கு எட்டாத மேல்வரிசைக் கட்டங்களைப் பெரியவர்கள் முடிக்கட்டும். வெயில் ஏறும் முன் காலை எட்டரைக்குள், அல்லது நான்கு மணிக்கு மேல். மத்தியானச் சூட்டில் எமல்ஷன் பிரஷ்ஷிலேயே இறுகிவிடும். இடைவேளையில் பிரஷ்ஷைத் தண்ணீரில் படுக்க வையுங்கள், தலைகீழாக நிறுத்தினால் முடி வளைந்துவிடும். அப்படியும் ஒன்றிரண்டு கெட்டிப்படும். அவற்றைத் தூக்கிப் போடாமல் பசை தடவ வைத்துக்கொள்ளலாம்.